டிரூரி லேன் அரங்கத்துக்கு உண்மையில் எத்தனை வயது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இது: லண்டன் டிரூரி லேன் தியேட்டர் ராயலில் ஒரு மியூசிகல் பார்க்க டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள். ஓரிடத்தில் 1663-லிருந்து இயங்கும் அரங்கம் என்று போட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் 1812-ல் கட்டியது என்று இருக்கிறது. மூன்று முறை எரிந்ததாக ஒருவர் சொல்கிறார். ஷேக்ஸ்பியர் நடித்த மேடை என்று இன்னொருவர். பேய் உலவுகிறது என்று வேறு சொல்கிறார்கள். இதில் எதை நம்புவது?

இது தேதி பற்றிய சந்தேகம் மட்டுமில்லை என்று நினைக்கிறேன். நாம் போய் உட்காரும் அந்த இடத்தில் பழையது எது, புதியது எது என்பதுதான் நீங்கள் அறிய விரும்புவது. அரங்கக் கட்டடங்களை வடிவமைப்பதும் பழைய அரங்கங்களைச் சீரமைப்பதும் என் தொழில். அதனால் மேடை, இருக்கை, விளக்கு, தீ என்ற பக்கத்திலிருந்துதான் எனக்கு இந்த வரலாறு பழக்கம். நாடக இலக்கியம் படித்தவர்கள் வேறு இடங்களை அழுத்திச் சொல்வார்கள். முதலில் நேரடிப் பதில்: அந்த இடத்தில் அரங்கம் 1663-லிருந்து இருக்கிறது. இப்போது நிற்பது நான்காவது கட்டடம், 1812-ல் திறந்தது. நீங்கள் உட்காரப் போகும் பார்வையாளர் கூடம் அதைவிடவும் புதியது, 1922-ல் அமைத்தது. எரிந்தது மூன்று முறை அல்ல, இரண்டு முறை. இரண்டாவது கட்டடத்தை உரிமையாளர்களே இடித்தார்கள்.

ஷேக்ஸ்பியர் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அவர் இறந்தது 1616-ல். இந்த இடத்தில் அரங்கம் வர இன்னும் 47 ஆண்டு இருந்தது. நடுவில் 1642-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது நாடாளுமன்றம் நாடகங்களுக்குத் தடை போட்டது. 1660-ல் இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பும்வரை அந்தத் தடை நீடித்தது. ஷேக்ஸ்பியரின் குழு நடித்த குளோப் அரங்கம் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருந்தது, அதுவும் இந்தத் தடைக் காலத்திலேயே மறைந்துபோனது. ஆக டிரூரி லேன் அவர் கண்ணால் பார்க்காத அரங்கம். அவருடைய நாடகங்களுக்கு அங்கே நீண்ட வாழ்வு கிடைத்தது என்பது வேறு விஷயம்.

இந்த அரங்கத்தின் கதை ஒரு கட்டடத்தில் தொடங்கவில்லை, ஒரு பத்திரத்தில் தொடங்குகிறது. அரசர் திரும்பி வந்ததும் லண்டனில் நாடகம் போடும் உரிமையை இரண்டே பேருக்குக் கொடுத்தார். ஒருவர் தாமஸ் கில்லிகுரூ, மற்றவர் வில்லியம் டேவனண்ட். கில்லிகுரூவுக்கு எழுதிக்கொடுத்த அரச உரிமப் பத்திரம் 1662 ஏப்ரல் தேதியிட்டது. பெண் பாத்திரங்களைப் பெண்களே நடிக்கலாம் என்று எழுத்தில் உறுதி செய்ததும் அந்தப் பத்திரம்தான். 1660 வரை லண்டனின் தொழில்முறை மேடைகளில் அந்த வேடங்களைப் பையன்கள்தான் கட்டினார்கள். உரிமம் கையில் இருந்தால் அதைப் பயன்படுத்த இடம் வேண்டும். பிரிட்ஜஸ் தெருவுக்கும் டிரூரி லேனுக்கும் நடுவில் குதிரை ஏற்றம் பழகும் மைதானம் ஒன்று இருந்தது. அங்கேதான் முதல் அரங்கம் எழும்பி 1663 மே 7 அன்று திறந்தது. இன்றைக்கும் வாசல் இருப்பது டிரூரி லேனில் அல்ல, பழைய பிரிட்ஜஸ் தெருவில். அதற்கு இப்போது கேத்தரின் தெரு என்று பெயர். டிரூரி லேன் பக்கம் இருப்பது கட்டடத்தின் பின்புறம். நீங்கள் வழி தேடும்போது இது உதவும்.

முதல் கட்டடம் எப்படி இருந்தது என்பதை நமக்குச் சொல்பவர் சாமுவேல் பீப்ஸ், கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்தபடி நாட்குறிப்பு எழுதியவர். திறந்த இரண்டாம் நாளே மனைவியுடன் போயிருக்கிறார். என் தொழிலில் இருப்பவர்கள் அந்தக் குறிப்பை விரும்பிப் படிப்பார்கள், ஏனென்றால் அது ஒரு நல்ல பார்வையாளரின் புகார்ப் பட்டியல். தரைத்தள இருக்கைகளுக்குப் போய்வரும் நடை குறுகல். மேடைக்கும் பாக்ஸ்களுக்கும், அதாவது தடுத்து வைத்த தனி இருக்கைப் பகுதிகளுக்கும், இடைவெளி அதிகம், அங்கே உட்கார்ந்தால் காதில் விழாது. இசைக்கலைஞர்களை மேடைக்கு அடியில் வைத்ததால் கீழ்ச் சுருதியும் சரியாகக் கேட்கவில்லை, மேல் சுருதியும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் வேறொரு நாடகத்துக்குப் போனபோது ஆலங்கட்டி மழை கொட்டி, தரைத்தளத்தின் நடுவில் இருந்தவர்கள் எழுந்து ஒதுங்க வேண்டியதாயிற்று. வெளிச்சத்துக்காக மேலே வைத்த கூம்புக் கூரை சரியாக மூடவில்லை. 1665-ல் பிளேக் வந்து நாடகங்கள் நின்றன. அந்த இடைவெளியில், 1666 மார்ச்சில், பீப்ஸ் உள்ளே எட்டிப் பார்த்து, மேடையை அகலப்படுத்துகிறார்கள், எங்கும் ஒரே குப்பை என்று எழுதுகிறார். திறந்து மூன்றாண்டு ஆவதற்குள் இடித்துக் கட்டும் வேலை. இந்த அரங்கத்தின் சுபாவமே அதுதான்.

1666-ல் லண்டனைத் தின்ற பெருந்தீ இந்தப் பக்கம் வரவில்லை. ஆனால் 1672 ஜனவரி 25 அன்று அரங்கத்துக்குள்ளேயே தீ பிடித்தது. பின்பக்கப் படிக்கட்டின் அடியில், ஆரஞ்சு மால் என்ற பழக்காரப் பெண் தன் பழங்களை வைத்திருந்த இடத்தில் தொடங்கியதாக அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. நெல் குவின் நடிகை ஆவதற்கு முன் ஆரஞ்சு விற்றது இந்த அம்மையாரின் கீழ்தான். தீ தொடங்கிய இடத்தை ஒரே ஒரு கடிதத்தை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மரத்தால் கட்டிய அரங்கத்தில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், வர்ணம் அடித்த துணிகளுக்கு நடுவில் தீ எங்கே வேண்டுமானாலும் தொடங்கியிருக்கும். கட்டடம் போனது மட்டும் நிச்சயம்.

இரண்டாவது அரங்கம் 1674 மார்ச் 26 அன்று திறந்தது, அரசரே வந்திருந்தார். இதைக் கட்டியவர் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் என்று பல இடங்களில் உறுதியாக எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். ரென்னின் வரைபடத் தொகுப்பில் ஒரு நாடக அரங்கத்தின் குறுக்குவெட்டுப் படம் இருப்பது உண்மை. அது டிரூரி லேனுக்குப் போட்டதுதான் என்று படத்தில் எழுதியில்லை. அளவுகள் ஓரளவு பொருந்துகின்றன, அதனால் பலர் அப்படி எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆனாலும் அதை ‘இருக்கலாம்’ என்ற வரிசையில்தான் வைப்பேன்.

இந்தக் கட்டடம் நின்றது 117 ஆண்டு, ஆனால் ஒரே மாதிரி நிற்கவில்லை. 1690-களில் கிறிஸ்டோபர் ரிச் என்ற வக்கீல் நிர்வாகியாக இருந்தபோது, மேடையின் முன்பகுதியை வெட்டி அங்கே இருக்கைகளைப் போட்டார். கூடுதல் இருக்கை, கூடுதல் வசூல். அந்த மேடையில் வளர்ந்த நடிகர் காலி சிப்பர், வயதான பிறகு தன் வாழ்க்கை வரலாற்றில் இதை வருத்தத்தோடு பதிவு செய்கிறார். பழைய மேடையில் நடிகர்கள் பார்வையாளர்களுக்குக் குறைந்தது 10 அடி நெருக்கமாக நின்றார்கள், மிக மெல்லிய குரலும் கடைசி வரிசைவரை போனது, முகத்தின் சின்ன அசைவும் தெரிந்தது என்கிறார். ஒரு அரங்கத்தில் 10 அடி என்ன செய்யும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன நடிகர்கள் குறைவு. புது அரங்க வேலையில் இருக்கை எண்ணிக்கை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு சிப்பர்தான் நினைவுக்கு வருவார்.

இதே ரிச்சால்தான் உரிமப் பத்திரத்தின் கதையும் சிக்கலாகிறது. 1682-ல் இரண்டு நாடகக் குழுக்களும் ஒன்றாகிவிட்டிருந்தன. பிறகு இரண்டு பத்திரங்களும் ரிச்சின் கட்டுப்பாட்டுக்கு வந்தன. நடிகர்களை அவர் நடத்திய விதத்தால் 1709-ல் அவருடைய நாடகங்களுக்கு அரசவை அதிகாரி தடை போட்டார். ரிச் வெளியேறினார், பத்திரங்களையும் கொண்டுபோய்விட்டார். அவர் மகன் ஜான் ரிச் 1732-ல் கோவண்ட் கார்டனில் புது அரங்கம் கட்டியபோது அவை அந்தக் குடும்பத்திடம் இருந்தன. டிரூரி லேன் அதன்பின் தனியாக வாங்கிய புதுப்புது உரிமங்களில்தான் ஓடியது. கில்லிகுரூவின் மூலப் பத்திரம் திரும்ப டிரூரி லேனின் கைக்கு வந்தது நான்காவது கட்டடம் எழும்பிய காலத்தில்தான், அதாவது சுமார் நூறாண்டு கழித்து. ஆகவே ‘ஒரே உரிமத்தின் கீழ் 1663-லிருந்து இடைவிடாமல்’ என்று யாராவது எழுதினால் அது சரியில்லை. இடைவிடாமல் இருந்தது அந்த நிலமும், அங்கே நாடகம் போடலாம் என்ற ஏதோ ஒரு அரச அனுமதியும்தான்.

அந்த அனுமதிக்கு 1737-ல் விலை பல மடங்கு ஏறியது. அந்த ஆண்டு வந்த உரிமச் சட்டத்தின்படி லண்டனில் வசன நாடகம் போட டிரூரி லேனுக்கும் கோவண்ட் கார்டனுக்கும் மட்டுமே முழு உரிமை. பத்தாண்டு கழித்து டேவிட் காரிக் டிரூரி லேனின் பங்குதாரரும் நிர்வாகியும் ஆனார். 1776 வரை 29 ஆண்டு அவர் கையில் அரங்கம் இருந்தது. அவருடைய நடிப்பைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அதைவிட அவர் அரங்கத்தில் செய்த மாற்றங்கள்தான் எனக்கு முக்கியம். அதுவரை பணக்கார ரசிகர்கள் மேடைமேலேயே நாற்காலி போட்டு உட்காருவார்கள், நடிகர்களுக்கு நடுவில் புகுந்து நடப்பார்கள். 1760-களின் தொடக்கத்தில் காரிக் அதை நிறுத்தினார். 1765 வாக்கில், பிரான்ஸ் பயணத்துக்குப் பிறகு, மேடைக்கு மேலே தொங்கிய மெழுகுவத்தி வளையங்களை எடுத்துவிட்டு பக்கவாட்டுத் தட்டிகளுக்குப் பின்னால் விளக்குகளை மறைத்து வைத்தார். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், நடிகர் முகம் மட்டும் தெரிய வேண்டும் என்ற எண்ணம் லண்டனில் வேரூன்றியது இங்கேதான் என்றால் அது மிகையில்லை.

காரிக்குக்குப் பின் அரங்கம் நாடகாசிரியர் ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடனிடம் வந்தது. இனி சொல்லப்போவதுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமான பகுதி. லண்டன் மக்கள்தொகை பெருகிக்கொண்டே போகிறது, வசன நாடகத்துக்கு இரண்டே அரங்கம். வேறு ஊராக இருந்தால் பத்து சின்ன அரங்கங்கள் முளைத்திருக்கும். சட்டம் அதைத் தடுத்ததால் இருந்த இரண்டும் வீங்கின. ஷெரிடன் 1791-ல் பழைய கட்டடத்தை இடிக்கச் செய்தார். ஹென்றி ஹாலண்ட் வடிவமைத்த மூன்றாவது அரங்கம் 1794-ல் திறந்தது. அதில் சுமார் 3,600 பேர் உட்காரலாம். ஒலிபெருக்கி இல்லை, எண்ணெய் விளக்கும் மெழுகுவத்தியும்தான் வெளிச்சம். இன்றைக்கு எந்தக் கட்டுநரும் வசன நாடகத்துக்கு இந்த அளவில் வரைபடம் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தீ பற்றி அவர்கள் யோசிக்காமல் இல்லை. மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவில் இறக்கும் இரும்புத் திரை ஒன்று இருந்தது. கூரையில் தண்ணீர்த் தொட்டிகள். முதல் நாடக இரவில் இரும்புத் திரையை இறக்கி, சுத்தியலால் தட்டி ஒலி எழுப்பிக் காட்டினார்கள். பிறகு திரையை ஏற்றினால் மேடையில் உண்மையான தண்ணீரோடு ஒரு குளம், அதில் படகு ஓட்டினார்கள். இனி தீயைப் பற்றி எங்களுக்குப் பயமில்லை என்று நடிகை எலிசபெத் ஃபாரன் செய்யுளில் அறிவித்தார். இன்றைக்கும் பெரிய அரங்கங்களில் பாதுகாப்புத் திரை கட்டாயம். அந்த யோசனையை லண்டன் பார்வையாளர்கள் முன் இப்படி மேடையேற்றிய பெருமை டிரூரி லேனுக்கு உண்டு.

ஆனால் இந்த அளவு நாடகத்தை என்ன செய்தது? அக்காலத்தின் மிகப் பெரிய நடிகை சாரா சிடன்ஸ், புதிதாகச் சேர்ந்த ஒரு நடிகரிடம், நீங்கள் நடிக்க வந்திருப்பது ஒரு வனாந்தரத்தில் என்று சொன்னாராம். முகம் தெரியாத தூரத்தில் முகபாவம் பயன்படாது. குரலை நீட்ட வேண்டும், கையை விரிக்க வேண்டும், நிதானமாக நடக்க வேண்டும். சிடன்ஸுக்கும் அவர் தம்பி ஜான் பிலிப் கெம்பிளுக்கும் சிலை போன்ற நடிப்பு வாய்த்தது அவர்கள் சுபாவத்தால் மட்டுமில்லை என்பது என் கருத்து. அந்த 3,600 இருக்கைகளுக்கும் அதில் பங்குண்டு. காட்சி விந்தைகளுக்கோ இந்த அரங்கம் அருமையாகப் பொருந்தியது. 1803-ல் கார்லோ என்ற நாய் மேடையில் தண்ணீருக்குள் குதித்துக் குழந்தையைக் காப்பாற்றும் காட்சிக்காக ஊரே திரண்டது. அரங்கத்தின் கடனை அந்த நாய்தான் தாங்கியது.

ஷேக்ஸ்பியர் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அவர் பெயரில் ஒரு மோசடியும் இதே கட்டடத்தில்தான் வெளிப்பட்டது. வில்லியம் ஹென்றி அயர்லாந்து என்ற இளைஞர் பழைய தாளில் தானே எழுதி, ஷேக்ஸ்பியரின் தொலைந்த நாடகம் என்று கொண்டுவந்தார். ஷெரிடன் அதை வாங்கி 1796 ஏப்ரல் 2 அன்று மேடையேற்றினார். கெம்பிளுக்கு அது போலி என்று அப்போதே சந்தேகம். இந்தக் கேலிக்கூத்து எப்போது முடியும் என்று பொருள்படும் ஒரு வரி வசனத்தில் வந்தபோது, அவர் அதை அழுத்திச் சொல்ல, அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. அந்த நாடகம் ஒரே நாளோடு முடிந்தது. நான்காண்டு கழித்து 1800 மே 15 அன்று, பாக்ஸில் நின்ற மூன்றாம் ஜார்ஜ் அரசரை நோக்கி ஜேம்ஸ் ஹேட்ஃபீல்ட் துப்பாக்கியால் சுட்டதும் இங்கேதான். குண்டு தவறியது, நாடகம் தொடர்ந்தது. மனநிலை சரியில்லை என்று ஹேட்ஃபீல்டை நீதிமன்றம் விடுவித்தது. அந்த வழக்கின் விளைவாக அதே ஆண்டு மனநோயுற்ற குற்றவாளிகளுக்காக ஒரு சட்டமே வந்தது.

1809 பிப்ரவரி 24, வெள்ளிக்கிழமை. தவக்காலம் என்பதால் அன்று நாடகம் இல்லை, உள்ளே கூட்டம் இல்லை. இரவில் தீ பிடித்தது. இரும்புத் திரையும் தண்ணீர்த் தொட்டியும் எதையும் காப்பாற்றவில்லை. திறந்து 15 ஆண்டுகூட ஆகாத அரங்கம் சாம்பலானது. போட்டி அரங்கமான கோவண்ட் கார்டனும் ஐந்து மாதம் முன்புதான் எரிந்திருந்தது. ஷெரிடன் அப்போது நாடாளுமன்றத்தில் இருந்தார். அவருக்காக விவாதத்தை ஒத்திவைக்கலாம் என்றபோது வேண்டாம் என்றுவிட்டார். அது நம்பத்தக்க செய்தி. அடுத்து வரும் கதைதான் பிரபலம்: எரியும் அரங்கத்தைப் பார்த்தபடி பக்கத்துக் காபிக் கடையில் ஒயின் குடித்துக்கொண்டிருந்தார், எப்படி இவ்வளவு அமைதியாக இருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, தன் வீட்டு அடுப்பங்கரையில் ஒருவன் ஒரு கோப்பை குடிக்கக்கூடாதா என்றாராம். இதை அச்சில் பரப்பிய அவருடைய வரலாற்றாசிரியர் தாமஸ் மூர், இது நிஜமா என்பதற்குத் தான் பொறுப்பில்லை, தீ விபத்து நடக்கும் இடமெல்லாம் சுற்றித் திரியும் பழைய கதையாகவும் இருக்கலாம் என்று அங்கேயே சொல்லிவைத்தார். பின்னால் எழுதியவர்கள் கதையை எடுத்துக்கொண்டு இந்த எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

ஷெரிடனால் மீண்டும் கட்ட முடியவில்லை. மதுபான ஆலை முதலாளியும் நாடாளுமன்ற உறுப்பினருமான சாமுவேல் விட்பிரெட் ஒரு குழு அமைத்து, பங்குப்பணம் திரட்டி, ஷெரிடனை நிர்வாகத்திலிருந்து ஒதுக்கிவிட்டு வேலையை முடித்தார். வடிவமைத்தவர் பெஞ்சமின் டீன் வயாட். மேடைக்கும் கடைசி இருக்கைக்கும் உள்ள தூரத்தை, காது கேட்கும் கண் தெரியும் எல்லைக்குள் வைக்க வேண்டும் என்று அவர் விளக்கமாகவே எழுதி வெளியிட்டார். மூன்றாவது கட்டடம் கற்றுக்கொடுத்த பாடம் அது. அப்படியும் சுமார் 3,000 பேருக்கு இடம் வைக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் ஏகபோகம் அப்படியே இருந்தது. 1812 அக்டோபர் 10 அன்று ஹேம்லட் நாடகத்தோடு திறப்பு. முன்னுரைக் கவிதைக்குப் போட்டி வைத்து, வந்த எதுவும் பிடிக்காமல், கடைசியில் கவிஞர் பைரனை எழுதித் தரச் சொன்னார்கள். 1814 ஜனவரி 26 அன்று பாதி காலியான அரங்கில் நடிகர் எட்மண்ட் கீன், ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்து ஷைலக்காக வந்தார். அந்த வேடத்துக்கு வழக்கமான சிவப்பு முடியை விட்டுக் கறுப்பு முடி வைத்துக்கொண்டார். அந்த இரவோடு லண்டன் நடிப்பின் பாணியே மாறியது, அரங்கத்தின் வசூலும் மீண்டது.

இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஒரு வட்டக் கூடமும் இரண்டு பக்கமும் பெரிய படிக்கட்டுகளும் இருக்கும். ஒரு பக்கம் அரசர் பக்கம், மறுபக்கம் இளவரசர் பக்கம். மூன்றாம் ஜார்ஜ் இந்தக் கூடத்தில் தன் மகனைப் பார்த்து ஆத்திரப்பட்டு அறைந்துவிட்டார், அதன்பின் இருவரும் சந்திக்காமல் இருக்கத் தனித்தனி வழி வைத்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். தேதியை மட்டும் பாருங்கள். அரசரின் மனநிலை முறிந்து, மகன் அவருக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பேற்றது 1811 பிப்ரவரியில். அதன்பின் அரசர் விண்ட்சர் மாளிகையில்தான் அடைந்து கிடந்தார். இந்தக் கூடம் திறந்தது 1812 அக்டோபரில். எனவே அரசர் மகனை அறைந்த இடம் இதுவாக இருக்க முடியாது. தந்தைக்கும் மகனுக்கும் ஆகாது என்பது உண்மை; இரண்டு வழி என்ற பழக்கமும் உண்மை; மற்றது கதை.

அப்புறம் நடந்தவற்றை விரைவாகச் சொல்கிறேன். 1817-ல் எரிவாயு விளக்கு வந்தது. 1820-களில் சாமுவேல் பீஸ்லி உட்புறத்தை மாற்றினார். 1843-ன் நாடகச் சட்டம் ஏகபோகத்தை முடித்தது, யார் வேண்டுமானாலும் உரிமம் பெற்று வசன நாடகம் போடலாம் என்றானது. இவ்வளவு பெரிய அரங்கம் அதன்பின் காட்சிக்கும் இசைக்கும்தான் என்று ஆகிவிட்டது. 1879-ல் வந்த அகஸ்டஸ் ஹாரிஸ் பாட்டும் நகைச்சுவையும் கலந்த கிறிஸ்துமஸ் கால நாடகங்களான பாண்டமைம்களைப் பெரும் கொண்டாட்டமாக்கினார், டேன் லெனோ அதில் நட்சத்திரம். 1890-களில் மேடைக்கு அடியில் போட்ட ஏற்றி இறக்கும் இயந்திரங்கள் பொறியியல் அதிசயம். 1902-ல் பென்ஹர் கதையின் தேரோட்டத்துக்கு ஓடும் பட்டைகள்மேல் உண்மையான குதிரைகளை ஓடவிட்டார்கள். 1922-ல் பார்வையாளர் கூடத்தைச் சுவரோடு சுவராகப் பிரித்து இப்போதுள்ள அமைப்பைக் கட்டினார்கள். 1940-ல் குண்டு விழுந்தும் கட்டடம் தப்பியது. பிறகு பெரிய மியூசிகல்களின் காலம்: மை ஃபேர் லேடி 1958-லிருந்து 1963 வரை, மிஸ் சைகான் 1989-லிருந்து 1999 வரை.

சரி, பேய். சாம்பல் நிற உடையில், முக்கோணத் தொப்பியோடு ஓர் உருவம் மேல்மாடியில் பட்டப்பகலில் நடந்து சுவருக்குள் மறையும் என்பது கதை. 1848-ல் சுவருக்குள் ஓர் எலும்புக்கூடு, விலாவில் கத்தியோடு கிடைத்ததாகவும் சேர்த்துச் சொல்வார்கள். 20-ஆம் நூற்றாண்டில் இந்தக் கதையை ஊரறியச் செய்தவர் மக்வீன் போப். அவர் இதே அரங்கத்தின் விளம்பரப் பொறுப்பில் இருந்தவர் என்பதை மறக்கக்கூடாது. அவருக்கு அரங்கத்தின்மீது இருந்த பாசம் உண்மையானது, ஆனால் அவர் சொன்னதை மட்டும் ஆதாரமாக வைக்க முடியாது. கட்டடக்காரனாக எனக்கு இன்னொன்றும் தோன்றும்: அந்த உருவம் நடப்பதாகச் சொல்லும் மாடி 1922-ல் கட்டியது. இங்கே நடந்த ஒரு கொலை ஐயத்துக்கு இடமில்லாதது. 1735-ல் நடிகர் சார்ல்ஸ் மக்லின், ஒரு பொய்முடி யாருடையது என்ற சண்டையில், சக நடிகர் தாமஸ் ஹாலம் கண்ணில் கைத்தடியால் குத்த, ஹாலம் இறந்துபோனார். நடந்தது இரண்டாவது கட்டடத்தின் ஒப்பனை அறைப் பக்கம், அந்தக் கட்டடம் 1791-லேயே போய்விட்டது.

‘லண்டனின் மிகப் பழைய அரங்கம்’ என்பதை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: இன்றும் நாடகம் நடக்கும் அரங்க இடங்களில் லண்டனில் மிகப் பழையது இது. பழைய கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்க ஆசை என்றால் ரயில் ஏறி பிரிஸ்டல் போங்கள். அங்குள்ள தியேட்டர் ராயல், இப்போது பிரிஸ்டல் ஓல்ட் விக், 1766-ல் திறந்தது, 18-ஆம் நூற்றாண்டுக் கூடம் இன்னும் இயங்குகிறது. உரிமம் இல்லாததால் அவர்கள் முதல் நாளன்று நாடகம் என்றே விளம்பரம் செய்யவில்லை, சொற்பொழிவு மாதிரியோடு ஓர் இசைக்கச்சேரி என்று போட்டார்கள். டிரூரி லேன் அனுபவித்த சலுகையின் மறுபக்கம் அது.

நீங்கள் போகும்போது அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். வட்டக் கூடமும் படிக்கட்டுகளும்தான் 1812-ன் அசல் வேலை. 2021-ல் முடிந்த பெரிய சீரமைப்பில், சுமார் 6 கோடி பவுண்டு செலவில், அவற்றை வயாட் வரைந்த அழகுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், பார்வையாளர் கூடத்தையும் வளைத்து மேடைக்கு நெருக்கமாக்கியிருக்கிறார்கள். சிப்பர் ஏங்கிய அந்த நெருக்கத்தில் கொஞ்சமாவது திரும்பி வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். உங்கள் பயணம் ஜனவரி 6-ஐ ஒட்டி இருந்தால் இன்னொன்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: சமையல்காரராக இருந்து நடிகரான ராபர்ட் பாட்லி 1794-ல் இறக்கும்போது 100 பவுண்டு எழுதிவைத்தார், அதன் வட்டியில் ஆண்டுதோறும் அன்றைய இரவு டிரூரி லேனில் நடிக்கும் குழுவினருக்கு கேக்கும் ஒயினும் கொடுக்க வேண்டும் என்று. 1795-ல் தொடங்கிய அந்த கேக் வெட்டும் பழக்கத்தை இன்றைய நடிகர்களும் கைவிடவில்லை. அது குழுவினருக்கு மட்டும்தான், பார்வையாளர்களுக்குக் கிடையாது.